காற்றுலையும் காற்றாடியும்

மன்னர்களின் பெயர்கள் கல்லிலும் செப்பேட்டிலும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அக்கல்லைப் பிளந்த உளியைச் செய்தவன் பெயர் எங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றது? அவ்வுளிக்கு இரும்பு தந்த உலையின் வரலாற்றை எந்த ஏடு சொல்கின்றது? நம் பாடசாலை மாணவன் துட்டகைமுனுவின் யானைக்குப் பெயர் சொல்வான். எல்லாளனின் ஆராய்ச்சி மணியின் கதை அறிவான். பராக்கிரமபாகுவின் சமுத்திரத்தைப் படம் வரைந்து காட்டுவான். ஆனால் அச்சமுத்திரத்தைத் தோண்டிய மண்வெட்டியின் இரும்பு எந்த மலையில், எந்த நெருப்பில், யாருடைய உழைப்பில் விளைந்தது என்று கேட்டால் வகுப்பறை மௌனமாகிவிடும். மாணவனின் மௌனத்துக்கு அவன் பொறுப்பல்லன். உழைப்பவனை வரலாற்றின் வாசலுக்கு வெளியே நிறுத்திய ஒரு நீண்ட மரபே அதற்குப் பொறுப்பு.

இந்த மௌனத்தைக் கலைக்க நமக்கு உதவிய பாடம் வரலாற்றுப் பாடமன்று. காற்றுச்சக்தி பற்றிய ஒரு விஞ்ஞானப் பாடம். எரிந்து தீராத, மீண்டும் மீண்டும் கிடைக்கும் சக்தி வளங்களைப் பற்றி இன்று எல்லாப் பாடசாலைகளிலும் படிப்பிக்கின்றோம். நிலக்கரியும் எண்ணெயும் புவியைச் சூடேற்றுவதைச் சொல்கின்றோம். ஞாயிறும் காற்றும் நீரும் மாற்றுவழி என்கின்றோம். காற்று என்றவுடன் பிள்ளைகளின் மனக்கண்ணில் எழுவது ஐரோப்பியக் கடலோரத்து வெள்ளைக் கோபுரம். காற்றை வேலை வாங்கும் வித்தை வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்திறங்கியது என்பது அவர்களுடைய எண்ணம். அவ்வெண்ணம் பிழையென்று நிறுவ நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம்முடைய மலைநாட்டின் தென்புறச் சரிவுக்குப் போனாற் போதும்.

காற்று விளைவித்த இரும்பு

கண்டிக்கு வடகிழக்கே, வத்தேகம போகும் வழியில் உள்ள நமது மடவளையிலிருந்து ஆண்டுதோறும் பலர் ஜெய்லானிக்குப் பயணம் போய் வருகின்றனர். பலாங்கொடையைக் கடந்து கல்தொட்டைப் பக்கம் திரும்பும்போது, மேற்கிலிருந்து வரும் காற்று முகத்தில் அறைவதை அவர்கள் உணர்ந்திருப்பர். ஆனி, ஆடி மாதங்களில் அம்மலைமுகடுகளில் நிமிர்ந்து நிற்பதே கடினம். தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து எழுந்து, மலைகளிடையே ஒடுங்கி, ஒடுங்கியதனாலேயே வேகங்கொண்டு அங்கே பாய்கின்றது.

அப்பகுதியில் வளவை கங்கைக்குக் குறுக்கே சமனலவெவ அணை கட்டும் திட்டம் நடந்துகொண்டிருந்தபோது, நீரில் மூழ்கப்போகும் நிலத்தில் தொல்பொருள் ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. ஆய்வை நடத்தியவர் ஜில் ஜூலெஃப் என்ற ஆங்கிலப் பெண் ஆய்வாளர். மலைகளின் மேற்கு விளிம்புகளில் அவர் கண்டவை விகாரைகளும் அரண்மனைகளும் அல்ல. இரும்புச் சிட்டக் குவியல்களும், சுட்ட களிமண் குழாய்த் துண்டுகளும், இடிந்த உலைச்சுவர்களுமே. இவ்வகை உலைக்களங்கள் எழுபதுக்கும் மேற்பட்டவை அடையாளங் காணப்பட்டன. கரியைக் கொண்டு காலங் கணித்தபோது, அவை கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இயங்கியவை எனத் தெரிந்தது.

இங்கே ஒரு புதிர் எழுந்தது. இரும்புத் தாதிலிருந்து இரும்பைப் பிரிக்க வேண்டுமாயின் மரக்கரி நெருப்பை மிகுந்த சூட்டில் பல மணி நேரம் வைத்திருக்க வேண்டும். அதற்கு இடைவிடாமற் காற்றூட்ட வேண்டும். துருத்தி இல்லாமல் இது இயலாது, இயற்கைக் காற்றை நம்பிய உலை தரமற்றதாகவே இருக்கும் என்பது அறிஞர் பலரின் கருத்தாக இருந்தது. சமனலவெவ உலைகளோ துருத்திக்கு உரிய அமைப்பில் இல்லை. வட்டமாக இல்லாமல் நீண்டு கிடந்தன. காற்று வரும் மேற்குத் திசையை நோக்கி ஒரு நேரான முன்சுவர். அதன் அடியில் வரிசையாகக் களிமண் குழாய்கள். பின்னால் வளைந்த சுவர். எவரோ வேண்டுமென்றே, கணக்கிட்டு, மலையின் விளிம்பைத் தேர்ந்து கட்டியிருக்கின்றனர்.

ஐயம் தீர வழி ஒன்றே. 1994இல் அதே மலைச்சரிவில், அதே அமைப்பில், களிமண்ணால் உலை கட்டினர். தாதும் கரியும் இட்டனர். பருவக்காற்று வீசியபோது நெருப்பு மூட்டினர். துருத்தி இல்லை, ஊதுவதற்கு ஆள் இல்லை. காற்றே வேலை செய்தது. உலையை உடைத்தபோது இரும்பு கிடைத்தது. அதில் கரிமம் மிகுந்த உருக்கும் இருந்தது. இம்முடிவு 1996இல் ‘நேச்சர்’ என்ற விஞ்ஞான இதழில் வெளிவந்தது. தொழில்நுட்ப வரலாற்றின் ஒரு பக்கம் திருத்தி எழுதப்பட்டது.

அந்த உலை எவ்வாறு இயங்கிற்று? காற்று நேரே குழாய்க்குள் புகுந்து ஊதிற்று என்று எண்ணத் தோன்றும். உண்மை அதனினும் நுட்பமானது. காற்று முன்சுவரில் மோதும்போது சுவரின் வெளிப்புறத்தில் அழுத்தம் கூடுகின்றது. சுவரின் மேல்விளிம்பைத் தாண்டிப் பாயும்போது, சுவருக்கு உட்புறத்தில், உலையின் மேலே அழுத்தம் குறைகின்றது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு, சுவரடியில் உள்ள குழாய்கள் வழியாகக் காற்றை உள்ளே இழுக்கின்றது. காற்றின் வேகம் சற்றே ஏறி இறங்கினாலும் உலைக்குள் போகும் காற்று ஓரளவு சீராகவே இருக்கின்றது. விமானத்தின் இறக்கையை ஆராய்வோர் பிற்காலத்தில் கணிதத்தால் எழுதிய பாய்மவியலை, அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே சபரகமுவ மலையில் யாரோ களிமண்ணால் எழுதினர். எழுதியவருக்கு எழுத்து தெரிந்திருந்ததோ இல்லையோ, காற்றின் போக்கு தெரிந்திருந்தது.

அவ்வுலைகள் எரிந்த காலத்திலேயே, 9ஆம் நூற்றாண்டில், பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலில் சரந்தீபத்து உருக்கைக் குறிப்பிட்டார். சரந்தீபம் நமது தீவே. வாளை ஏந்தியவன் பெயரை வரலாறு அறியும். வாளைப் பற்றி எழுதிய அறிஞன் பெயரையும் அறியும். மேற்குச் சரிவில் புகையில் நின்று களிமண் பிசைந்தவனுடைய பெயரை அறியாது.

பழந்தமிழர்க்கும் காற்று வெறும் காற்றன்று. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை எனத் திசைக்கொரு பெயரிட்டனர். பயன் கொள்ளாத பொருளுக்கு எவரும் நான்கு பெயர் இடுவதில்லை. புறநானூற்றின் 66ஆம் பாட்டு, கடலிலே கலம் செலுத்திக் காற்றையே ஏவல் கொண்டவனின் வழித்தோன்றலென்று கரிகாலனை விளிக்கின்றது. அதைப் பாடியவர் வெண்ணிக் குயத்தியார். பெயரே சொல்வதுபோல் மட்பாண்டம் வனைந்த குலத்துப் பெண். காற்றும் வேலை செய்யும் என்ற கருத்தைத் தமிழில் நமக்கு விட்டுச் சென்றவர் ஒரு குயத்தி என்பது எத்துணைப் பொருத்தம்! யாழ்ப்பாணத்து மீனவர் சோழகம் என்றும், மட்டக்களப்பார் கச்சான் என்றும் இன்றும் காற்றைப் பெயர் சொல்லி அழைக்கின்றனர். அறிவு மக்களிடம் இருந்தது, ஏட்டில் ஏறவில்லை.

அறிவு எவ்வாறு அழிந்தது?

சமனலவெவக் காற்றுலைகளின் காலம் 11ஆம் நூற்றாண்டோடு முடிகின்றது. ஆனால் இரும்பாக்கும் தொழில் முடியவில்லை. 1660 முதல் 1679 வரை கண்டி அரசில் சிறையிருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தமது நூலில், இம்மலைநாட்டார் தாது தோண்டி, கரியிட்டுச் சுட்டு, தாமே இரும்பாக்கியதை விவரித்திருக்கின்றார். அவர் கண்டது துருத்தி உலை. கண்டி அரசில் இரும்பாக்குவோர் தனிக்குலமாக ஒதுக்கப்பட்டு, அரசனுக்கு இராஜகாரியமாக இரும்பு செலுத்தினர். நாட்டின் கலப்பைக்கும் கத்திக்கும் உயிர் கொடுத்தவர்கள் சமூகப் படிக்கட்டின் அடியிலே வைக்கப்பட்டனர். கைத்தொழிலை இழிவாக்கிய முதற் குற்றம் வெள்ளையனுடையதன்று. அது நம் வீட்டுக்குள்ளேயே நடந்தது. இதை மறைத்து எழுதும் தேசப்பற்று போலியானது.

1815இல் கண்டி ஆங்கிலேயர் கையில் வீழ்ந்தது. காடுகள் கோப்பித் தோட்டங்களாயின. மரக்கரிக்கு மரம் அருகிற்று. ஆங்கில ஆலைகளின் மலிந்த இரும்பு துறைமுகங்களில் இறங்கிற்று. ஆயிரம் ஆண்டு நின்ற உலைகள் ஒரு நூற்றாண்டில் அவிந்தன. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் துறையின் பணிப்பாளராயிருந்த ஆனந்த குமாரசுவாமி, எஞ்சியிருந்த சில முதியவர்களின் கைவண்ணத்தைப் பார்த்துக் குறித்துவைத்தார். அக்குறிப்புகள் 1908இல் வெளிவந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் அவரது பெருநூலில் இடம்பெற்றன. அந்நூல், உழைப்பவனின் கலைக்காக வாதாடிய சோசலிஸ்டு வில்லியம் மொறிஸின் கெல்ம்ஸ்கொட் அச்சகத்துப் பொறியிலேயே அச்சாயிற்று. குமாரசுவாமி எழுதியிராவிடின் அந்த முதியவர்களோடு அவர்களின் அறிவும் மண்ணுக்குள் போயிருக்கும்.

நூலகம் எரிந்தால் உலகம் அழுகின்றது, அழத்தான் வேண்டும். ஆனால் ஒரு தொழிலாளி தன் வித்தையைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் இறந்தால், எரிவதும் ஒரு நூலகமே அன்றோ?

ஓர் ஆசிரியரின் காற்றாலை

இனி, பிள்ளைகளின் மனக்கண்ணில் எழுந்த அந்த ஐரோப்பியக் கோபுரத்துக்கு வருவோம். அது யாருடைய கையில் பிறந்தது? அரசர்களும் பெருமுதலாளிகளும் அதைப் படைத்தனரா?

காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் முயற்சி 1887இல் ஸ்கொத்லாந்தில் ஜேம்ஸ் பிளைத் என்ற ஆசிரியராலும், 1888இல் அமெரிக்காவில் சார்ள்ஸ் பிரஷ் என்ற செல்வந்தராலும் செய்யப்பட்டது. ஆயினும் அதை மக்களிடம் கொண்டுசேர்த்தவர் டென்மார்க்கின் போல் லா கூர். அவர் அஸ்கோவ் என்ற கிராமத்தில் உழவர் பிள்ளைகள் பயிலும் மக்கள் உயர்பாடசாலை ஒன்றின் ஆசிரியர். 1891இல் அப்பாடசாலை வளவில் பரிசோதனைக் காற்றாலை ஒன்றை எழுப்பினார். காற்று ஓய்ந்தால் என்ன செய்வது என்ற கேள்வி அவரை வாட்டிற்று. காற்று தந்த மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஐதரசன் வாயுவைச் சேமித்தார். 1895 முதல் சில ஆண்டுகள் அவ்வாயுவைக் கொண்டே பாடசாலைக்கு விளக்கேற்றினார். நகரத்தார்க்கு மட்டும் மின்சாரம் வாய்த்து உழவன் இருட்டில் கிடக்கலாகாது என்பதே அவருடைய நோக்கம். 1903இல் டென்மார்க்குக் காற்று மின்சாரச் சங்கம் உருவாயிற்று. 1904 முதல் கிராமத்து இளைஞர்களுக்கு மின்தொழில் வகுப்புகளை அவர் நடத்தினார்.

அவ்வகுப்பில் உட்கார்ந்த இளைஞர்களுள் ஒருவர் யொஹானஸ் யூல். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 1957இல், கெட்ஸர் என்ற இடத்தில் மூன்று இறக்கைகள் கொண்ட 200 கிலோவாற்றுக் காற்றாலையை அவர் அமைத்தார். அது 1967 வரை ஓடிற்று. பின்னர் எண்ணெய் மலிவாய்க் கிடைத்த மயக்கத்தில் உலகம் அதை மறந்தது. 1973இல் எண்ணெய் விலை ஏறியதும் மயக்கம் தெளிந்தது. அப்போது மீண்டும் காற்றாலையைக் கையிலெடுத்தவர்களுள் கார்ல் எரிக் யோர்கென்சன் என்ற கொல்லரும், பாடசாலைக் கல்வியை முடித்திருந்த ஹென்றிக் ஸ்டீஸ்டால் என்ற இளைஞரும் இருந்தனர். இருவரும் சேர்ந்து வடிவமைத்த மூன்றிறக்கைக் காற்றாலையின் உரிமத்தை 1979இல் வெஸ்டாஸ் என்ற கம்பனி பெற்றது. அக்கம்பனியும் 1898இல் ஒரு கிராமத்துக் கொல்லுப்பட்டறையாகத் தொடங்கியதே.

2020 டிசம்பரில் மன்னாரில் திறக்கப்பட்ட ‘தம்பபவனி’ காற்றாலைத் தொகுதியில் 30 கோபுரங்கள் நிற்கின்றன. அவற்றின் மொத்த ஆற்றல் 103.5 மெகாவாற்று. இலங்கை மின்சார சபைக்காக நிறுவப்பட்ட அக்கோபுரங்கள் வெஸ்டாஸ் செய்தவை. மன்னார்க் கரையில் சுழலும் அந்த இறக்கையைப் பின்னோக்கித் தொடர்ந்து போனால், ஒரு கொல்லனின் பட்டறையும் ஒரு கிராமத்து ஆசிரியரின் வகுப்பறையும் வருகின்றன. நம்முடைய கொல்லன் மட்டும் ஏன் பட்டறையிலேயே அவிந்து போனான்? அவனிடம் அறிவு குறைவாக இருக்கவில்லை. அவனுக்கும் பாடசாலைக்கும் இடையே கதவு இருக்கவில்லை.

கையும் மூளையும்

அக்கதவைத் திறக்கும் முயற்சி இங்கே நடக்கவில்லையா? நடந்தது, அதுவும் கண்டிக்கு அருகிலேயே. கன்னங்கரா கல்வி அமைச்சராயிருந்த 1930களில் ஹந்தெஸ்ஸ என்ற கிராமத்தில் புதிய கல்வித் திட்டமொன்று தொடங்கிற்று. கிராமத்து மண்ணையும் பயிரையும் தொழிலையும் அடிப்படையாக வைத்துப் பாடங்களைப் படிப்பிப்பது அதன் நோக்கம். பின்னர் 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களைக் கனிட்ட இடைநிலை வகுப்புகளில் புகுத்திற்று. இரண்டும் நிலைக்கவில்லை. பெற்றோர் நம்பவில்லை என்பது காரணமாகச் சொல்லப்படுகின்றது.

பெற்றோரின் ஐயம் அறியாமையன்று. நகரத்து ஆங்கிலப் பாடசாலையில் செல்வர் வீட்டுப் பிள்ளை கணிதமும் இலத்தீனும் கற்று உத்தியோகத்துக்குப் போக, கிராமத்துப் பிள்ளைக்கு மட்டும் மண்வெட்டியைக் கொடுப்பது கல்வியா, விலங்கா? ஏழைக்குக் கைவேலை, செல்வனுக்கு ஏடு என்று பிரிக்கும் வரையில் எந்தக் கைவேலைக் கல்வியும் தோற்கும், தோற்கவும் வேண்டும். நாம் கேட்பது வேறு. கையால் செய்வதும் மூளையால் வினவுவதும் ஒரே பிள்ளைக்கு, எல்லாப் பிள்ளைக்கும், ஒரே மேசையில் கிடைக்க வேண்டும். வைத்தியராகப் போகின்றவளும் கொல்லன் உலையின் காற்றழுத்தத்தை அறியட்டும். கொல்லன் மகனும் அதன் கணிதத்தை அறியட்டும்.

மடவளையில் ஒரு பாடம்

இக்கருத்தோடு, விஞ்ஞான ஆசிரியை ஒருவரும் நாமுமாகச் சேர்ந்து எட்டாந்தர வகுப்பில் ஒரு செயற்பாட்டை நடத்தி வருகின்றோம். தமிழ் படிப்பிப்பவருக்கு இங்கே என்ன வேலை என்று கேட்போர்க்கு நம் விடை இது: காற்றுக்கு நான்கு பெயர் வைத்தது தமிழ், அப்பெயர்களின் பொருளை மைதானத்தில் நின்று உணரச் செய்வதும் மொழிப்பாடமே.

செலவு அநேகமாக இல்லை. முதலில் தென்னோலைக் காற்றாடி. அதைச் செய்யத் தெரியாத பிள்ளை இல்லை. ஓலைகளை வளைத்துப் பின்னுவதேன், தட்டையாக வைத்தால் சுழலாததேன் என்று சிந்தித்த பிள்ளையும் இல்லை. பாடம் அக்கேள்வியில் தொடங்குகின்றது. அடுத்து, தேய்ந்த றப்பர்ச் செருப்பிலிருந்து வட்டமாக வெட்டிய துண்டு நடுக்கட்டையாகின்றது. சைக்கிள் ஸ்போக் கம்பி அச்சாகின்றது. ஐஸ்கிறீம் குச்சிகளில் ஒட்டிய மட்டைத் துண்டுகள் இறக்கைகளாகின்றன. அச்சில் ஒரு நூலைக் கட்டி அதன் நுனியில் வெற்று யோகட் கோப்பையைத் தொங்கவிடுகின்றோம். காற்றில் பிடித்தால் நூல் சுற்றிக்கொண்டு கோப்பை மேலேறுகின்றது. எத்தனை ஐந்து ரூபாய்க் குற்றிகளை உன் காற்றாலை தூக்கும்? இதுதான் போட்டி.

இங்கே ஒரு விதி உண்டு. செய்யுமுன் சொல்ல வேண்டும். சொன்னதை எழுத வேண்டும். பின்னரே செய்து பார்க்க வேண்டும். இரண்டு இறக்கையா, ஆறா? எந்தச் சரிவு? மட்டை அகன்றதா, ஒடுங்கியதா? கரும்பலகையில் எதிர்பார்ப்பு ஒரு நிரலிலும் கண்டது மறு நிரலிலும் ஏறுகின்றன. இறக்கை கூடினால் எல்லாம் கூடும் என்று எண்ணிய குழு, வேகமாகச் சுழல்வதும் மிகுந்த பாரம் தூக்குவதும் ஒன்றல்லவென்று தானே கண்டுகொள்கின்றது. மைதானத்தின் நடுவில் சோம்பிக் கிடந்த காற்றாடி, மதிலின் மேல் விளிம்பில் பிடித்தவுடன் சீறிச் சுழல்வதை ஒரு பிள்ளை கண்டு கூவும்போது வகுப்பு முழுவதும் அங்கே ஓடுகின்றது. சமனலவெவத் தொழிலாளி மலையின் விளிம்பை ஏன் தேடினான் என்பதை அதன்பின் நாம் விளக்க வேண்டியதில்லை.

உலையையும் செய்கின்றோம். மேல்மூடி இல்லாத மட்டைப் பெட்டி. முன்புறத்தின் அடியில் சிறு துவாரங்கள். மேசை விசிறியின் காற்றைப் பெட்டியின் முன்சுவரில் பாயவிட்டு, துவாரத்தருகே ஊதுபத்தியைப் பிடித்தால் புகை உள்ளே இழுபடுகின்றது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுப் பழைய வித்தை, எட்டாந்தரப் பிள்ளைகளின் மூக்குக்கு முன்னால் மீண்டும் நிகழ்கின்றது.

மின்சாரம் கடைசியிலேயே வரும். உடைந்த விளையாட்டுக் காரில் கழற்றிய மோட்டரின் அச்சைச் சுழற்றினால் அது மின்பிறப்பாக்கியாகின்றது. காற்றாடியை நேரே பொருத்தினால் சிவப்பு எல்.இ.டி. குமிழ் ஒளிர்வதில்லை, அதற்கு ஏறத்தாழ இரண்டு வோல்ற்று வேண்டும், நம் காற்றாடியின் வேகம் போதாது. பெரிய சக்கரமொன்றைக் காற்றாடியின் அச்சில் ஏற்றி, றப்பர் வளையத்தால் மோட்டரின் சிறிய அச்சோடு இணைக்கும்போது வேகம் பெருகுகின்றது, குமிழ் மினுங்குகின்றது. அந்த மினுக்கத்தைக் கண்ட முகங்களின் ஒளியை எந்த வோல்ற்றுமானியாலும் அளக்க இயலாது.

அதன்பின் சொல்லப்படும் கணிதம் பிள்ளைகளுக்குச் சுமையாவதில்லை. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதில் உள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். இறக்கையின் நீளம் இரு மடங்கானால் பயன் நான்கு மடங்காகும். காற்றிலுள்ள ஆற்றலில் ஏறத்தாழ 59 சதவீதத்துக்கு மேல் எந்தச் சுழலியாலும் எடுக்க இயலாது என்று ஜெர்மானியரான அல்பேட் பெட்ஸ் நூறாண்டுக்கு முன் நிறுவினார். முழுவதையும் எடுத்துவிட்டால் காற்று நின்றுவிடும். நின்ற காற்று பின்னால் வரும் காற்றுக்கு வழிவிடாது. பிடுங்கியது போக எஞ்சியதை விட்டுவைத்தாலன்றி இயக்கமில்லை என்ற இவ்விதியைச் சமூகத்துக்கும் பொருத்திப் பார்க்கும்படி மேல்வகுப்பு மாணவர்க்கு நாம் சொல்வதுண்டு.

“சேர், காத்து நின்டா வெளிச்சமும் நின்டு போகுமே?” என்று ஒரு மாணவி கேட்டாள். லா கூரை வாட்டிய அதே கேள்வி! காற்று வீசும் நேரத்தில் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் நீரை மிச்சம் பிடித்து, காற்று ஓய்ந்த நேரத்தில் திறந்துவிடலாமா என்று மற்றொருவன் விடை சொன்னான். மின்பொறியியலாளர் பேசும் விடயத்தை அவர்கள் எவரும் ஊட்டாமலே பேசினர்.

காற்று யாருடையது?

விக்டோரியா என்ற பெயர் வந்ததால் அதைப் பற்றியும் பேச வேண்டியதாயிற்று. மகாவலித் திட்டத்தில் 1976இல் பொல்கொல்லை அணையும், 1985இல் 210 மெகாவாற்று ஆற்றலுள்ள விக்டோரியாவும் எழுந்தன. நாட்டுக்கு வெளிச்சம் வந்தது. தும்பறைப் பள்ளத்தாக்கின் வயல்களும் பழைய தெல்தெனிய நகரமும் நீரில் மூழ்கின. ஒளி எல்லார்க்கும், இழப்பு சிலர்க்கு. அவ்விழப்பை அறிந்த குடும்பங்கள் இன்றும் நம் சுற்றுவட்டாரத்தில் வாழ்கின்றன. வளம் தூய்மையானது என்பதாலேயே அதன் கணக்கும் தூய்மையாகிவிடாது என்பதைப் பிள்ளைகள் தம் பாட்டன் பாட்டியிடம் கேட்டறியலாம்.

2022இல் நாடு கடனில் மூழ்கியபோது எண்ணெய் வாங்கப் பணமில்லை. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. பரீட்சைத்தாள் அச்சிடக் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. பிள்ளைகள் மெழுகுவர்த்தியில் படித்தனர். பருவந்தோறும் நம் தலைக்குமேல் இலவசமாகப் பாய்ந்துகொண்டிருந்த காற்றை வேண்டிய அளவு வேலைக்கு எடுக்காத நாடு, வெளிநாட்டு எண்ணெய்க் கப்பலுக்காகக் கரையிற் காத்து நின்றது.

காற்றை வேலைக்கு எடுக்க வேண்டும். அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் யார் எடுப்பது, யார் கேட்டு, யாருக்காக? மன்னாரிலும் பூநகரியிலும் பெருங் காற்றாலைகள் அமைக்க முன்வந்த இந்திய அதானி நிறுவனம், விலை பற்றிய சர்ச்சைக்குப் பின் 2025 பெப்ரவரியில் விலகிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில், புதிய கோபுரங்களுக்கு எதிராக மன்னார் மக்கள் வீதியில் இறங்கினர். வெள்ள நீர் வடியும் வழி அடைபடும், மீன்பிடி குன்றும், தூரதேசத்துப் பறவைகள் வந்திறங்கும் நிலம் பாழாகும் என்பது அவர்களின் முறையீடு. இவர்களை முன்னேற்றத்தின் பகைவர் என்று தள்ளிவிடுவது எளிது. அஸ்கோவ் உழவர்கள் காற்றாலையை எதிர்க்கவில்லையே என்று கேட்கவும் கூடும். அஸ்கோவில் காற்றாலை உழவனின் பாடசாலை வளவில், அவன் பிள்ளையின் கையால், அவன் வீட்டு விளக்குக்காக எழுந்தது. மன்னார் மீனவனிடமோ முடிவு செய்த பின்னரே சொல்லப்படுகின்றது. இந்த வேறுபாட்டை நீக்கினால் எதிர்ப்பின் பெரும்பகுதி நீங்கும் என்பது நம் துணிபு.

ஆதலால்தான் வகுப்பறைக் காற்றாடியை நாம் விளையாட்டென்று கருதவில்லை. பொறியின் உட்புறத்தை அறியாதவனிடம் எவரும் எதையும் விற்கலாம். எதையும் அவன் தலையிற் கட்டலாம். தன் கையால் ஒன்றைச் செய்து, அதன் குறையைக் கண்டு, திருத்தி, அளந்து பார்த்த பிள்ளை நாளை ஒரு திட்டம் ஊருக்கு வரும்போது அஞ்சி ஒதுங்கவும் மாட்டாள். மயங்கித் தலையாட்டவும் மாட்டாள். காற்றின் வேகம் என்ன, கோபுரத்தின் நிழல் எங்கே விழும், மின்சாரத்தின் விலை யாது, ஊருக்குப் பங்கு எவ்வளவு என்று கேட்பாள்.

நண்பர்களே, ஆசிரியத் தோழர்களே! உங்கள் ஊரிலும் ஒரு மலைமுகடு இருக்கும். ஒரு கடற்கரை இருக்கும். ஒரு பழைய கொல்லுப்பட்டறையின் சாம்பல் இருக்கும். அதைக் கிளறிப் பாருங்கள். முதியவர்களிடம் காற்றின் பெயர்களைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அடுத்த பருவக்காற்றுக்குள் உங்கள் மாணவர் ஒவ்வொருவர் கையிலும் அவரே செய்த ஒரு காற்றாலை இருக்கட்டும். மேற்குச் சரிவில் பெயரில்லாமல் நின்ற அத்தொழிலாளர்க்கு நாம் செலுத்தக்கூடிய கடன் அதுவே.